சனியைப் பிழிந்து குடித்த கதை

வெட்கப்பட வேண்டிய நேரத்தில் ஒழுங்காக வெட்கப்படுவதும் ஒரு திறமைதான். அது எனக்குக் கடைசி வரை கைவரவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை காலையில், ஒரு பஸ் நிறைய ஜனமும் ஒரு கல்வி அதிகாரியும் பெற்ற தகப்பனும் பார்த்துக்கொண்டிருக்க, முச்சந்தியில் நின்று நான் செய்த காரியத்தை என் குடும்பம் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறது. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் "தப்புப் பண்ணிட்டேன்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் என் வாயிலிருந்து யாராலும் வாங்க முடியாது. (என் கணவர் பல வருஷம் முயன்று கைவிட்டுவிட்டார்.)

ஹாலி வால்நட்சத்திரம் வந்துபோன வருஷம் அது. வாயேஜர் விண்கலம் யுரேனஸைத் தாண்டிப் போயிருந்தது. மனிதன் செய்த ஓர் இயந்திரம் யுரேனஸையே தாண்டிவிட்டது. நான் கம்பைநல்லூரைத் தாண்டவில்லை. என் வாழ்க்கையின் மொத்தப் பிரச்சினையும் இதுதான் என்று அப்போது நம்பினேன். வாயேஜர் எடுத்த சனியின் படம் ஒன்றைப் பழைய பேப்பர் கட்டிலிருந்து கிழித்து, எங்கள் வீட்டு அரிசி டிரம்மின் மேல் ஒட்டியிருந்தேன். அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போவார்.

காரணம் இருந்தது. அப்பாவுக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது.

அப்பா புளி மண்டி வைத்திருந்தார். மூட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே ஈரப்புளியா காய்ந்த புளியா என்று சொல்லிவிடுவார். லாரிக்காரர்களோடு சரிக்குச் சரி நின்று சண்டை போடுவார். ஆனால் சனி என்றால் மட்டும் குரல் இறங்கிவிடும். வாராவாரம் சனிக்கிழமை விடியும் முன்பே கம்பைநல்லூர் போய், நவக்கிரகத்துக்கு எள் தீபம் போட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் திரும்புவார். எனக்கோ மேலே படிக்க வேண்டும். அதுவும் சயின்ஸ் குரூப். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு சரி. சயின்ஸ் குரூப் என்றால் தருமபுரியில் சித்தி வீட்டில் தங்கித்தான் படித்தாக வேண்டும்.

"ஜோசியரைக் கேட்டுட்டேன்," என்றார் அப்பா. "சனி முடியற வரைக்கும் பொட்டப் புள்ளைய வெளியூர் அனுப்பக் கூடாதாம்."

"எப்பப்பா முடியும்?"

"இன்னும் மூணு வருசம்."

"மூணு வருசம் கழிச்சு ப்ளஸ் ஒன்னா? டீச்சர்னு நெனச்சு எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க!"

"வாயப் பாரு! சனி ஏன் என்னைப் பிடிக்காது?" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

அம்மா அடுப்படியிலிருந்தே ஒரு வழி கண்டுபிடித்தாள். "பள்ளிக்கோடத்துல கண்காட்சி வைக்கறாங்கல்ல, பெரிய ஆபீசரு வர்றாராம். அவரு வாயால இந்தப் புள்ளையப் படிக்க வைங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா அனுப்புவீங்களா?"

அப்பாவுக்கு அதிகாரிகள் மேலும் சனிக்கு அடுத்தபடியான பயம் உண்டு. யோசித்துவிட்டு, "சொல்லட்டும், பாக்கலாம்," என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வாங்கியே தீருவது என்று இறங்கினேன்.

மற்ற பிள்ளைகள் தெர்மாகோல் வாங்கினார்கள். நான் அளவு எடுத்தேன். புத்தகத்தில் வரும் சூரியக் குடும்பப் படத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் இருந்தது. ஒன்பது கிரகங்களும் கல்யாண பந்தியில் உட்கார்ந்த மாதிரி நெருக்கி உட்கார்ந்திருக்கும். பச்சைப் பொய்! நடுவே இருக்கிற இடைவெளிதானே விஷயமே? அதனால் சூரியக் குடும்பத்தை உண்மையான விகிதத்தில் எங்கள் ஊர் ரோட்டிலேயே பரப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். மண்டியிலிருந்து இரண்டு புளிக்கூடைகளை எடுத்து வாயோடு வாய் வைத்துக் கட்டி, மஞ்சள் காகிதம் ஒட்டிப் பள்ளிக்கூட வாசலில் தொங்கவிட்டேன். அதுதான் சூரியன். (புளி வாசனை அடித்த சூரியன் பிரபஞ்சத்திலேயே அது ஒன்றுதான்.) சூரியன் அந்த அளவு என்றால் பூமி ஒரு மிளகு. புதன் ஒரு கடுகு. வெள்ளி இன்னொரு மிளகு. செவ்வாய் ஒரு கம்பு மணி. இவற்றை அட்டையில் ஒட்டி, பள்ளிக்கூடத்து வேலியோரமாகக் குச்சி நட்டு வைத்தாயிற்று. அதற்கப்புறம்தான் குடும்பம் ஊரை விட்டு வெளியே போகிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வியாழன், ஒரு சாத்துக்குடி. அதன் மேல் இருக்கும் பெரிய செம்புள்ளிக்குக் குங்குமப் பொட்டு. கம்பைநல்லூர் ரோடு பிரிகிற முச்சந்தியில் சனி. அதற்கும் அப்பால் யுரேனஸும் நெப்டியூனும் நெல்லிக்காய்கள். அடுத்த ஊர் எல்லையில் ஒரு பனைமரத்தில் ஒட்டிய ஒற்றைக் கசகசா, புளூட்டோ.

"இதே கணக்குல பக்கத்து நட்சத்திரத்த எங்க வைப்ப?" என்று அறிவியல் டீச்சர் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமி உருண்டையில் எங்கள் ஊருக்கு நேர் எதிர்ப்பக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு நட்சத்திரத்துக்கே இந்தக் கதி என்றால் ஆண்ட்ரோமீடா கேலக்ஸிக்கு எந்த ரோடு போகும்? டீச்சர், "அந்தக் குசும்பெல்லாம் ஆபீசர்கிட்ட வேணாம், புளூட்டோவோட நிறுத்திக்க," என்று சொல்லிவிட்டார்.

இனி சனி. சனிக்கு நல்ல மஞ்சள் எலுமிச்சை தேடினேன். அந்த வாரம் கடையில் பச்சைக் காய்தான் இருந்தது. அதனால் அம்மாவின் மஞ்சள் பொடியைக் குழைத்துப் பழம் முழுக்கப் பூசினேன். வளையத்துக்கு சைக்கிள் கடை பாஷா பாயிடம் போனேன். அவர் பழைய லாரி ட்யூபில் தட்டையாக ஒரு வட்டம் வெட்டி, நடுவில் பழம் உட்காரத் துளையும் போட்டுக் கொடுத்தார். "கறுப்பா இருக்குதே பாய்?" என்றேன். "வெள்ளை ட்யூபு எந்தக் கம்பெனியும் போடறதில்ல கண்ணு," என்றார்.

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் எல்லாக் கிரகத்தையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். சனியிடம் போனபோது எனக்குள் ஒரு கலைஞி எழுந்துவிட்டாள். முச்சந்தி ஓரத்துக் கல்லில் கறுப்பு வளையம், அதன் நடுவில் மஞ்சள் பூசிய பழம். இது மட்டும் போதுமா? கிரகம் என்றால் பாதை வேண்டாமா? கோலமாவு எடுத்து, ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வளைவாகக் கோடு இழுத்தேன். எட்ட நின்று பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது.

இதைப் படிக்கிற யாருக்கும் இந்நேரம் விளங்கியிருக்கும். முச்சந்தி, மஞ்சள் பூசிய எலுமிச்சம்பழம், கறுப்பு வட்டம், ரோட்டுக்குக் குறுக்கே மாவுக் கோடு. எங்கள் ஊரில் மூன்று வயசுக் குழந்தைகூட அதைப் பார்த்தால் "கழிப்பு!" என்று அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடும். யாருக்கோ பிடித்த பீடையைக் கழித்து முச்சந்தியில் விட்டிருக்கிறார்கள், தாண்டினால் நம்மைப் பிடித்துக்கொள்ளும். இது அங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்று காலையில் என் கண்ணுக்குத் தெரிந்தது வாயேஜர் எடுத்த படம். (படிப்பு இப்படியும் கண்ணை மறைக்கும்.)

பள்ளிக்கூட வாசலில் சூரியனுக்குப் பக்கத்தில் ரிப்பன் கட்டிய சடையோடு நின்றிருந்தேன். அதிகாரி வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. தலைமை ஆசிரியர் கையில் மாலை வாடிக்கொண்டிருந்தது. அப்போது பாஷா பாய் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார்.

"வசந்தா! உன் சனியாண்ட பஸ்ஸு நின்னுபோச்சு! தாண்ட மாட்டேங்கறாங்க!"

"எந்த பஸ்ஸு?"

"கம்பைநல்லூர் பஸ்ஸு. ஜீப்பு ரிப்பேருன்னு ஆபீசரு அதுலதான் வந்துட்டிருக்காரு. உங்க அப்பாவும் உள்ளதான் இருக்காரு!"

ஓடினேன். வழியில் செவ்வாயைக் காணோம். அட்டைக்குப் பக்கத்தில் ஒரு கோழி ஒன்றும் தெரியாத முகத்தோடு நின்றுகொண்டிருந்தது. வியாழனுக்கு யாரோ செம்பருத்தி வைத்துச் சூடம் ஏற்றியிருந்தார்கள். குங்குமத்தைப் பார்த்ததும் சாமி என்று முடிவு செய்துவிட்டார்கள் போல. பாஷா பாய் கூடவே சைக்கிளில் வந்துகொண்டு, "அந்த வளையத்த நான்தான் வெட்டிக் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாத கண்ணு, எனக்கு யாவாரம் இருக்குது," என்று கெஞ்சினார்.

முச்சந்தியில் மாவுக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் பஸ் நின்றிருந்தது. பாதி ஜனம் கீழே. டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுங்க. சஸ்பெண்டு பண்ணாலும் சரி, இதத் தாண்டி வண்டிய வுட மாட்டேன்."

"நீ ஓட்ட வேணாம்பா, நான் தள்ளறேன்," என்றார் கண்டக்டர்.

"தள்ளினா மட்டும்? சக்கரம் தாண்டாதா?"

(அவருடைய பஸ்ஸின் முன் கண்ணாடியிலும் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. அந்தப் பழம் காவலாம்; என்னுடையது மட்டும் ஏவலாம்.)

இதற்குள் விஷயம் பஸ்ஸை விட்டுப் பெரிதாகிவிட்டிருந்தது. முச்சந்தியின் இரண்டு பக்கத்துக் காட்டுக்காரர்களும் வரப்புத் தகராறில் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். இருவரும் பல வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான் பேசினார்கள்.

"ஏய்யா, ராத்திரியோட ராத்திரியா எனக்கு வெச்சியா?"

"உனக்கு வெக்கறதுக்கு ஒரு பழம் வீணா? பழம் என்ன வெல விக்குது தெரியுமா?"

மண்வெட்டி ஒன்று தோளிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். இனி பேசாமல் இருந்தால் விபரீதம்.

"அத நான்தாங்க வெச்சேன்!" என்று கத்தினேன்.

மண்வெட்டி பாதியிலேயே நின்றது. ஒரு கிழவி வாயில் கை வைத்துக்கொண்டு, "அடிப்பாவி மவளே! யாருக்குடி வெச்ச?" என்றார்.

"யாருக்கும் இல்லீங்க. இது சனிங்க."

நிலைமையைச் சமாளிக்கலாம் என்றுதான் அதைச் சொன்னேன். சொன்ன மறுநிமிஷம் முன் வரிசையிலிருந்த அத்தனை பேரும் இரண்டடி பின்னால் போனார்கள். பஸ் ஜன்னலில் அப்பாவின் முகம் தெரிந்தது. நெற்றியில் திருநீறு ஈரம்கூடக் காயவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் சனிக்கு எள் விளக்குப் போட்டு, கும்பிட்டு, சமாதானம் பேசிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். அவர் ஊர் வந்து சேருவதற்குள் அவர் பெற்ற மகளே சனியை முச்சந்திக்குக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்திருக்கிறாள்.

கண்ணாடி போட்ட ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பேனா குத்திய சட்டைப் பை. அதிகாரிதான்.

"என்னம்மா இது?"

மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். சூரியன், புளிக்கூடை, மிளகு, விகிதம், தூரம். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன் நான் பேசியதில்லை. அதிகாரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இதோ வந்துவிட்டது அந்த ஒரு வார்த்தை என்று நினைத்தேன். வந்தது இதுதான்:

"எல்லாம் சரிம்மா. இப்ப அத எடுத்துடு. ஜனங்க பயப்படறாங்கல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. படித்தவர் அப்படிச் சொல்லலாமா? தொடப் போனேன். "தொடாத புள்ள! உன்னைப் பிடிச்சுக்கும்!" என்று கிழவி அலறினார். அப்பா ஜன்னலிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். என்னைக் கும்பிட்டாரா பழத்தைக் கும்பிட்டாரா என்று இன்று வரை தெரியாது. "வசந்தா, வேணாம்மா. அப்பா சொல்றத கேளு. அத வுட்டுட்டு இந்தப் பக்கம் வந்துடு."

அந்தக் கும்பிடுதான் என்னை உசுப்பிவிட்டது. மூணு வருசம், மூணு வருசம் என்று எனக்குப் பூட்டுப் போட்டது இந்தச் சனிதானே?

"சனி எங்க இருக்குது தெரியுமாங்க?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன். குரல் கிறீச்சிட்டது. "சூரியன்லருந்து நூத்தி நாப்பது கோடி கிலோமீட்டர்! வாயேஜர் போய்ச் சேரவே வருசக்கணக்காச்சு! அத்தன தூரத்துல இருக்கறது, எங்க அப்பா புளி மண்டியத் தேடி வந்து, உம்பொண்ணு ப்ளஸ் ஒன் சேரக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போவுதாங்க? அதுக்கு வேற வேல இல்லீங்களா?"

வளையத்திலிருந்து பழத்தை எடுத்தேன். பல்லால் கடித்தேன். மஞ்சளும் கசப்பும் புளிப்புமாக வாயெல்லாம் பற்றி எரிந்தது. தலையை அண்ணாந்து, பழத்தை நசுக்கி, கடைசிச் சொட்டு வரை வாயில் பிழிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வெறும் வயிறு. இருந்தாலும் சக்கையைத் தூக்கிக் காட்டினேன்.

"போதுமாங்க? சனி முடிஞ்சுது. வண்டிய எடுங்க!"

இந்த இடத்தில் கூட்டம் கைதட்டியது என்று எழுத எனக்கு மட்டும் ஆசையில்லையா? நடந்தது வேறு. நான் பெரிதாக ஒரு விக்கல் விட்டேன். கூட்டம் "ஆத்தாடி!" என்று பஸ்ஸுக்குள் ஓடி ஏறியது. டிரைவர் இரண்டே எட்டில் சீட்டுக்குத் தாவி வண்டியைக் கிளப்பினார். கோட்டைத் தாண்டும் பயம் போய்விட்டது. இப்போது பயம் என் பக்கத்தில் நிற்பதற்குத்தான். காட்டுக்காரர்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பள்ளிக்கூடத்தில் அதிகாரி என் சூரியனுக்கு முன்னால் வந்து நின்றார். நான் விக்கிக்கொண்டே ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"ஏம்மா, காட்சிக்கு வெச்சதையே குடிச்சிட்டா நான் எதப் பாத்து மார்க்குப் போடறது? கிரகம் ஒன்பது. இங்க ஒண்ணு குறையுது."

"ரெண்டு குறையுதுங்க சார், விக். செவ்வாய கோழி தின்னுடுச்சு, விக். ஆனா தூரமெல்லாம் அப்படியே இருக்குது சார். தூரத்தப் பாருங்க!"

அவர் பார்க்கவில்லை. பரிசு ஒரு சோடா உப்பு எரிமலைக்குப் போனது. ஒரு கிரகம் குறைந்தால் சூரியக் குடும்பமே செல்லாதாம். (இருபது வருஷம் கழித்து உலக விஞ்ஞானிகள் ஓட்டெடுத்து, கிரகங்கள் எட்டுதான் என்று அறிவித்தார்கள். அவர்கள் கழித்தது என் கசகசாவை; நான் கழித்தது எலுமிச்சையை. இருந்தாலும் எண்ணிக்கையில் நான்தான் முந்தி.)

என்னைப் படிக்க வைக்கச் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை வரவே இல்லை. மறுநாள் எழுந்தால் தொண்டை கட்டிக் குரல் சுத்தமாகப் போயிருந்தது! ஊரே காத்துக்கொண்டிருந்த செய்தி அது. நான் வாயைத் திறந்து காற்று மட்டும் வந்தால் சனி ஜெயித்துவிடும். ஆகவே வாயைத் திறக்காமலேயே இருந்தேன். என்னை அறிந்தவர்களுக்கு அதுவே போதுமான அதிர்ச்சி. "வாயக் கட்டிப் போட்டுடுச்சு," என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அம்மாவை ஏமாற்ற முடியவில்லை. ஒரு டம்ளர் சூடான பாலைக் கொண்டுவந்து நீட்டினாள். மேலே கறுப்பாகப் பொடி மிதந்தது.

"பள்ளிக்கோடத்துலருந்து நீ திருப்பி எடுத்தாந்த பூமியத்தான் தட்டிப் போட்டேன்," என்றாள் ரகசியமாக. "வெள்ளியும் இருக்குது. பத்தலன்னு வூட்டு மிளகும் போட்டிருக்கேன். குடி."

மூன்றாம் நாள் குரல் திரும்பியது. நேராக அப்பாவிடம் போய், "பாத்தீங்களா, எனக்கு ஒண்ணும் ஆவல," என்றேன். அவர் ஒரு புளி மூட்டையைத் தட்டிப் பார்ப்பது போல என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பரீட்சை முடிந்து ரிசல்ட் வந்தது. ஒரு நாள் அப்பா டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"சித்திக்குச் சொல்லி அனுப்பிட்டேன். திங்கக்கெழம தருமபுரி. சயின்சு குரூப்பே சேந்துக்க."

எனக்கு ஆனந்தத்தில் காது அடைத்தது. "அப்ப நான் சொன்னத நம்பறீங்களாப்பா? சனி ஒண்ணும் பண்ணாதுன்னு?"

"அட, போம்மா. ஜோசியர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மூணு பக்கம் கணக்குப் போட்டாரு. சனி இப்ப என்கிட்ட இல்லியாம். உன் வயித்துல மாட்டிக்கிச்சாம்." அப்பா குரலைத் தாழ்த்தினார். "அது வூட்டுல இருக்கறதுக்கு தருமபுரில இருக்கறது நல்லது பாரு."

நான் எவ்வளவு வாதாடினேன் தெரியுமா? அது தப்பு, அறிவியல் அப்படியில்லை, எலுமிச்சம்பழத்தில் சிட்ரிக் அமிலம்தான் இருக்கிறது என்று பஸ் வரும் வரை விளக்கினேன். அம்மாதான் கையைக் கிள்ளி, "பெட்டிய எடுத்துக்கிட்டு ஏறுடி, லூசு," என்றாள். ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாக மட்டும், "ஆனா காரணம் தப்புப்பா!" என்று கத்தினேன். அதே டிரைவர்தான். என்னைக் கண்ணாடியில் பார்த்ததும் தலைக்கு மேலே தொங்கிய பழத்தை ஒரு தரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இயற்பியல் படித்து முடித்தேன், வேலைக்கும் போனேன். அப்பா மட்டும் தன் கருத்திலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை, நானும் நகரவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அன்றிலிருந்து எலுமிச்சம்பழத்துக்குப் பெயர் மாறிவிட்டது. "சந்தைக்குப் போனா ரெண்டு சனி வாங்கிட்டு வா" என்றால் எல்லாருக்கும் புரியும். வீட்டாருக்குப் புரியும். வெளியாளுக்கு?

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் நேரம். அப்பா உபசரிப்புச் சந்தோஷத்தில், எல்லாரும் கேட்க, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "வசந்தா, வந்தவங்களுக்கு நாலு சனி பிழிஞ்சு எடுத்துட்டு வாம்மா!"

நான் தட்டோடு வந்தபோது அவர்களில் ஒருவர்கூடச் சரியாக மூச்சு விடவில்லை. அப்பாவுக்கு வேறு வழியில்லாமல் முச்சந்திக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடித்தார். யாரும் டம்ளரைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் தாயார் செருப்பு இருக்கும் திசையைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. எதற்குக் குனிய வேண்டும்? நேராகவே நின்றேன்.

மாப்பிள்ளை மட்டும் கையை நீட்டி ஒரு டம்ளரை எடுத்தார். ஒரே மடக்கில் குடித்தார். காலி டம்ளரைச் சாய்த்து உள்ளே உற்றுப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டார்:

"வளையத்த வடிகட்டிட்டீங்களா?"

அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.